மல்லனும் வருகைப் பதிவேடும்

ஒருவன் பழைய வேலைக்குத் திரும்புவதில் தார்மீகப் பிரச்னை என்று என்ன இருக்க முடியும்? பதிவேட்டில் ஒரு கையெழுத்து, பழைய நாற்காலி, மாதக் கடைசியில் சம்பளம். ஆனால் 2025 மார்ச்சில் சுஷில் குமார் வடக்கு ரயில்வேயில் மறுபடி வேலையில் சேர்ந்தபோது, அதை வெறும் ஆபீஸ் சமாசாரமாக யாரும் படிக்கவில்லை. படிக்கவும் முடியாது. 2008இல் பெய்ஜிங்கில் வெண்கலம், 2012இல் லண்டனில் வெள்ளி என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்குகளில் பதக்கம் வாங்கிய மல்லர் அவர். 2021 மே மாதத் தொடக்கத்தில் டில்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் நடந்த ஒரு தாக்குதலில் சாகர் தன்கர் என்ற இளம் மல்லர் அடிபட்டு இறந்துபோனார். அந்த வழக்கில் அதே மாதம் 23ந் தேதி சுஷில் குமார் கைதானார். ரயில்வே அவரை சஸ்பெண்டு செய்தது. 2022 அக்டோபரில் நீதிமன்றம் கொலைக் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது. அவர் குற்றத்தை மறுத்தார். இடையில் சில நாள் இடைக்கால ஜாமீன் தவிர மூன்றரை வருஷத்துக்கு மேல் சிறை. 2025 மார்ச் 4ந் தேதி டில்லி உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. சில நாட்களுக்குள் அவர் ஆபீசில். ஆகஸ்டு 13ந் தேதி உச்சநீதிமன்றம் அந்த ஜாமீனை ரத்து செய்தது. அவர் மறுபடி சிறைக்குப் போனார். மேல்முறையீடு செய்தவர் இறந்த பையனின் தகப்பனார்.

வேலைக்குத் திரும்பிய அன்று வழக்கில் தீர்ப்பு இல்லை. ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலை எனக்கில்லை, இந்தப் பக்கங்களுக்கும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. அந்த ஐந்து மாதம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி என்ன சொல்லிற்று, யாரிடம் சொல்லிற்று என்பது.

புதுக்கோட்டை மாதிரி ஊரில் இருக்கிறவர்களுக்கு ரயில்வே உத்தியோகம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நிச்சயதார்த்தப் பேச்சில் அது ஒரு வாதம். அதோடு மற்ற வாதங்கள் அடங்கிவிடும். ஆனால் அந்த உத்தியோகத்தின் உள்யந்திரம் பலருக்குத் தெரியாது. 1968ம் வருஷத்து ரயில்வே ஊழியர் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளின்படி ஒரு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் சஸ்பெண்டு ஆனதாகவே கொள்ளப்படுவார். யாரும் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை, கடிகாரம் முடிவெடுக்கிறது. சஸ்பென்ஷன் தண்டனை ஆகாது என்பதும் அந்த விதிகளின் அடிப்படை. ஆகையால்தான் அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் உண்டு, தொடக்கத்தில் ஏறத்தாழ அரைச் சம்பளம். வெளியே வந்த பிறகு என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிரிமினல் வழக்கு விசாரணையில் இருக்கும்வரை ஒருவரை சஸ்பென்ஷனிலேயே வைத்திருக்கலாம். திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். இரண்டுக்கும் விதி இடம் தருகிறது. இந்த இடத்தில் கடிகாரம் நின்றுவிடுகிறது. மேஜைக்குப் பின்னால் ஒரு மனுஷன் பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது.

அரசாங்க பாஷை இதை மறைத்துவிடும். 'விதிகளின்படி' என்று ஒரு சொல்லை முன்னால் வைத்துவிட்டால் தேர்வே நடக்கவில்லை என்ற பிரமை உண்டாகிறது. இரண்டு வாசல் திறந்திருக்கையில் ஒன்றின் வழியாகப் போய்விட்டு, வழி ஒன்றுதான் இருந்தது என்று சொல்வது போல.

இதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் உபயோகித்தார்கள். 'சேர்த்துக்கிட்டாங்களாமே' என்றார்கள். தமிழில் இந்தச் 'சேர்த்துக்கொள்ளுதல்' ஆபீசுக்கு உரிய வார்த்தை அன்று. வீட்டு வார்த்தை. ஓடிப்போன மகளைச் சேர்த்துக்கொள்வது, சாதிக்கட்டு மீறியவனைச் சேர்த்துக்கொள்வது, ஊர்விலக்கானவனை அபராதம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொள்வது. அதில் வாசற்படி இருக்கிறது, தீட்டு இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறது. எங்கள் சமஸ்தானத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்துகொண்டார். வெள்ளைக்காரத் துரைத்தனம் அவளை ராணியாக ஏற்கவில்லை. ராஜா ஊரை விட்டுப் போனார். பிற்பாடு ஆட்சி வேறு கைக்குப் போயிற்று. 1928இல் பாரிஸில் செத்துப்போனபோது உடலைக்கூடப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர விடவில்லை, லண்டனில் தகனமாயிற்று. பிணத்தைக்கூடச் சேர்த்துக்கொள்ளாத வாசற்படி. அவர் செய்ததில் யாருக்கு என்ன அநியாயம் என்று கேட்டால் இன்று யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மறுப்புக்கு ஒரு முழுமை இருக்கிறது. மறுத்தவர்கள் தாங்கள் மறுக்கிறோம் என்பதை அறிந்து மறுத்தார்கள்.

ஸ்தாபனத்துக்கு வாசற்படி கிடையாது. அது யாரையும் மன்னிப்பதில்லை, விலக்குவதும் இல்லை. கோப்பைத் திறக்கிறது, மூடுகிறது. நாம்தான் வீட்டு வார்த்தையைக் கொண்டுபோய் அதன்மேல் போர்த்துகிறோம். போர்த்திய பிறகு, கோப்பு மூடப்பட்டதை மன்னிப்பு என்றும், மன்னிப்பை நிரபராதித்வம் என்றும் வாசித்துக்கொண்டு போகிறோம். ரயில்வே அப்படி எதுவும் சொல்லவில்லை என்று வாதிக்கலாம். சொல்லவில்லைதான். சொல்லாமலே காரியம் ஆகிவிடும் என்பது ரயில்வேக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மல்யுத்தத்திலேயே இன்னொரு வகைத் திரும்புதல் இருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளில் பாக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் தொங்கிய டிரம்ப் கார்டுகளை நினைவிருக்கும். உயரம், எடை, வரிசை எண்ணோடு அமெரிக்கப் பயில்வான்கள். (பயில்வான் என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். தமிழ்க் காது அதைப் 'பயில்' என்பதோடு சேர்த்துக் கேட்டு, பயில்கிறவனாக ஆக்கிக்கொண்டது. மொழி சில சமயம் தப்பாகக் கேட்டே சரியான அர்த்தத்துக்குப் போய்விடுகிறது.) அந்தக் குஸ்தியில் யார் ஜெயிப்பார் என்பது முன்பே தீர்மானமானது. ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலை இப்படிப்பட்ட குஸ்தி பற்றிய கட்டுரையோடுதான் தொடங்கினார். அது விளையாட்டல்ல, காட்சி. சண்டை நிஜமா என்று பார்க்கிறவன் கேட்பதே இல்லை என்பது அவர் கவனித்தது. கூத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். இதை பார்த் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

அந்த உலகில் சி. எம். பங்க் என்றொருவர். 2011 ஜூனில் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மேடையிலேயே உட்கார்ந்து, கம்பெனியின் மைக்கில் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார். எது நடிப்பு எது நிஜக் கோபம் என்று பிரிக்க முடியாத பேச்சு. மைக் துண்டிக்கப்பட்டதும் காட்சியின் பகுதியே. 2014 ஜனவரியில் நிஜமாகவே வெளியேறினார். அவ்வருஷம் ஜூனில் அவருடைய கல்யாண நாளன்று வேலைநீக்கக் கடிதம் வந்து சேர்ந்தது. தனக்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்று அவர் சொன்னதற்காகக் கம்பெனி டாக்டர் வழக்குப் போட்டார். 2018இல் ஜூரி பங்கின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 ஆகஸ்டில் போட்டிக் கம்பெனியான ஏ.ஈ.டபிள்யூ.வில் சேர்ந்தார். அங்கேயும் மேடைக்குப் பின்னால் அடிதடி, ஒருமுறை அல்ல. 2023 செப்டம்பர் 2ந் தேதி அவர்களும் நீக்கினார்கள். திரும்புவாரா மாட்டாரா என்று இரண்டு மாதத்துக்கு மேல் உலகம் முழுக்க ரசிகர்கள் மாய்ந்து போனார்கள். நவம்பர் 25ந் தேதி, சிகாகோ பக்கத்தில் பழைய கம்பெனியின் மேடையில் அவருடைய சங்கீதம் ஒலித்தது. கூட்டம் அலறிற்று. இரண்டு நாள் கழித்து அவரே பேசினார், சிநேகிதம் பிடிக்க வரவில்லை, பணம் சம்பாதிக்க வந்தேன் என்று.

இதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. சொல்லப்போனால் இந்த நேர்மை பிடித்திருக்கிறது. ஏனென்றால் சண்டை அவருக்கும் கம்பெனிக்கும். அநியாயம் செய்தது யாராக இருந்தாலும், பட்டது இவ்விரண்டு பேரில் ஒருவர். ஆகவே மறப்பதும் மன்னிப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. அந்த மறதியை டிக்கெட் போட்டு விற்பதும் அவர்கள் இஷ்டம். அந்தத் தொழிலில் பகை ஒரு கச்சாப்பொருள். பத்து வருஷப் பகை பத்து வருஷம் ஊறிய சரக்கு. நிஜத்தில் பிரிந்தவர்கள் நிஜத்தில் சேர்வதைவிட நல்ல கதை அவர்களுக்கு எழுதியும் கிடைக்காது.

ஆபத்து எங்கே என்றால், இந்தக் காட்சியில் பழகிய கண்ணோடு மற்றத் திரும்புதல்களையும் பார்க்கிறோம். விழுந்தவன் எழுவது, போனவன் வருவது, வாசலில் மாலை. கதைக்கு இரண்டு பாத்திரம் போதும்: போனவனும் எடுத்துக்கொள்கிறவனும். சுஷில் குமார் விஷயத்தில் இந்த இரண்டு பேர் கதை பொருந்தாது. வழக்கில் சொல்லப்படுகிற குற்றம் ரயில்வேக்கு எதிரானதல்ல. ரயில்வேக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தனக்குச் செய்யப்படாத ஒன்றை அது எப்படி மன்னிக்கும்? மன்னிக்கவில்லை, வேலைக்குத்தான் எடுத்துக்கொண்டோம் என்று அது சொன்னால், சரி. அப்படியானால் பார்க்கிறவன் மனசில் மன்னிப்பு என்று விழுகிற அந்த நிழலுக்கு யார் பொறுப்பு?

சத்ரசால் ஸ்டேடியத்தை நினைத்துப் பாருங்கள். சுஷில் குமார் சிறுபிள்ளையாக வந்து பயின்ற இடம் அது. பிறகு ரயில்வேயிலிருந்து அங்கே அதிகாரப் பொறுப்பில் அனுப்பப்பட்டவர். வீடு என்ற சொல் எங்காவது பொருந்துமானால் அங்கேதான் பொருந்தும். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு களம் இறங்குகிற மரபில் அகாடா என்பது வீடுதான். செத்தவரும் அந்த வீட்டில் பயின்ற பிள்ளை. அந்த வீடேகூட இதை மன்னிக்க அருகதை உள்ளதா என்று எனக்குத் தோன்றவில்லை. வதைபட்ட பிள்ளை சார்பில் வதைத்தவனை மன்னிக்கும் அதிகாரம் தாய்க்கே இல்லை என்று தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் வாதாடுவான். நம் வட்டத்தில் அந்த அத்தியாயத்தைப் படிக்காதவர் இருக்க மாட்டார். படித்துவிட்டு எங்கே வைத்தோம் என்பதுதான் தெரியவில்லை.

இதற்கு எதிர்வாதம் பலமானது. தீர்ப்பு வராத ஒருவரை வேலைக்கு வராதே என்பது தீர்ப்புக்கு முன்னால் தண்டிப்பது. மூன்றரை வருஷம் உள்ளே இருந்தாகிவிட்டது, விசாரணையோ நத்தை. அதை முன்னிட்டுத்தான் உயர்நீதிமன்றமும் ஜாமீன் தந்தது. நம் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர்கள் எல்லோருக்கும் பழைய வேலை காத்திருக்க வேண்டும் என்று கேட்கிற நாம், ஒருவருக்கு அது கிடைத்துவிட்டால் ஏன் முகம் சுளிக்கிறோம்? பிரபலம் என்பதால் சட்டத்தின் சலுகை குறைய வேண்டுமா?

இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. தண்டவாளத்தில் சுத்தியல் பிடிக்கிற ஒரு கேங்மேன் கொலை வழக்கில் ஜாமீனில் வந்தால் அதே வாரம் அவன் கையில் சுத்தியல் திரும்பக் கிடைக்குமா? கேட்டுப் பாருங்கள், ரயில்வேயில் இருக்கிற யாரையாவது. அது தவிர, சுஷில் குமாரின் நாற்காலி பதக்கத்தால் வந்தது. விளையாட்டு வீரர்களுக்கு ரயில்வே வேலை கொடுப்பது அவர்கள் பைல் பார்ப்பார்கள் என்பதற்காக அல்ல. நாட்டின் கௌரவத்தைச் சம்பளப் பட்டியலில் வைத்திருப்பதற்காக. எனவே அந்த நாற்காலியில் உட்காருகிறவர் குமாஸ்தாவாக மட்டும் உட்கார முடியாது. கௌரவமும் கூடவே உட்காருகிறது. அவருடைய செல்வாக்கு சாட்சிகள்மேல் எப்படி விழும் என்பதை உச்சநீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தபோது கணக்கில் எடுத்துக்கொண்டது. சாட்சி சொல்ல வேண்டிய ஒரு இளம் மல்லனுக்கு, நாளை ரயில்வே வேலை கிடைக்காதா என்று காத்திருக்கிறவனுக்கு, இந்த நாற்காலி எப்படித் தெரியும்?

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் கொடுங்கள், நாற்காலி வேண்டாம். பிழைப்பூதியம் என்ற சாதனம் இதற்காகவே விதிகளில் இருக்கிறது. பசியையும் தீர்ப்பையும் பிரித்து வைக்கத் தெரிந்த யாரோ ஒரு நல்ல மூளை அதைக் கண்டுபிடித்திருக்கிறது. தீர்ப்பு விடுதலை என்று வந்தால் பாக்கியைக் கொடுத்து, மரியாதையோடு அழைத்து உட்கார வையுங்கள். வரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். காலி நாற்காலி யாரையும் குற்றவாளி என்று சொல்லாது, நிரபராதி என்றும் சொல்லாது.

பதிவேட்டுக் கையெழுத்து எவ்வளவு பேசும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அதே வடக்கு ரயில்வேயிலிருந்து இன்னொரு உதாரணம். 2023இல் சாக்ஷி மாலிக், வினேஷ் போகட், பஜ்ரங் புனியா மூவரும் மல்யுத்த சம்மேளனத் தலைவராயிருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங்மீது நடவடிக்கை கேட்டு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். பெண் மல்லர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்பது புகார், அவர் மறுத்தார். மே 28ந் தேதி புதிய பார்லிமெண்டு கட்டிடத்தை நோக்கிப் போனவர்களைப் போலீஸ் இழுத்து வண்டியில் ஏற்றிற்று. மே 30ந் தேதி பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் வரை போய்த் திரும்பினார்கள். மூவரும் ரயில்வே வேலைக்குத் திரும்பிவிட்டது ஜூன் முதல் வாரத்தில் தெரியவந்தது. அவ்வளவுதான், போராட்டம் வாபஸ் என்று செய்தி பரவிவிட்டது. சத்தியாக்கிரகமும் நடக்கிறது, வேலைப் பொறுப்பையும் செய்கிறேன் என்று சாக்ஷி மாலிக் மறுப்புச் சொல்ல வேண்டிவந்தது. 2024 செப்டம்பரில் வினேஷும் பஜ்ரங்கும் ராஜினாமா செய்து காங்கிரஸில் சேர்ந்தபோது, பார்த்தீர்களா, எல்லாம் அரசியல்தான் என்றார்கள்.

ஒரே ஸ்தாபனம். ஒரே மாதிரிப் பதிவேடு. குற்றம் சாட்டப்பட்டவர் கையெழுத்துப் போட்டால் பாதி விடுதலை. குற்றம் சாட்டியவள் கையெழுத்துப் போட்டால் அவள் சொன்னது பாதிப் பொய். அவள் போடாமல் வெளியே போனால் மீதிப் பாதியும் பொய். திரும்புதல் என்ற ஒரே செயலுக்கு இப்படி எதிரெதிர் அர்த்தம் வருமென்றால், அர்த்தம் செயலில் இல்லை என்றாகிறது. யார் பக்கம் சாய்ந்து படிக்க நாம் ஏற்கெனவே தயாராக இருந்தோம் என்பதில் இருக்கிறது.

இதெல்லாம் டில்லிச் சமாசாரம், பயில்வான்கள் சமாசாரம் என்று நம் நண்பர்கள் ஒதுக்கக்கூடும். முந்நூறு பிரதி அச்சடிக்கிற ஒரு பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். ஒரு கவிஞன்மேல் ஒரு பெண் புகார் சொல்கிறாள். பத்திரிகை நான்கு இதழ் அவனை ஒதுக்கி வைக்கிறது. அறிவிப்பு ஒன்றும் கிடையாது, சும்மா பெயர் வரவில்லை. ஐந்தாம் இதழில் அவன் கவிதை வருகிறது, நல்ல கவிதை. ஆசிரியரைக் கேட்டால், படைப்புதான் முக்கியம் என்பார். படைப்பு முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கு இதழ் எதற்கு? ஒதுக்கியதற்கும் காரணம் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டதற்கும் சொல்லவில்லை. ரயில்வேக்காவது ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. அந்தப் பெண்ணும் சந்தாதாரராக இருந்தால் ஐந்தாம் இதழ் அவள் வீட்டுக்கும் தபாலில் போகும்.

திரும்பாத மல்லன் ஒருவனைப் பற்றி நம்மிடம் பழைய பாட்டு இருக்கிறது. புறநானூற்றில் 80ம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி உறையூர்த் தித்தனின் மகன் என்றும், தகப்பனோடு பகைத்து வெளியேறியவன் என்றும் கொள்வது மரபு. அதே மனுஷனைப் பற்றி நக்கண்ணையார் பாடிய பாட்டுகளில் ஒன்றில், அவன் கூழ் குடித்துக் கிடந்தும் தோள் பெருத்தவன். ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது அவனை ஒடித்துப் போடுகிறான். புலவர் அந்தப் பிடியை, எந்தக் கால் எங்கே இருந்தது என்பதுவரை காட்டிவிட்டு, ஒன்றை விரும்புகிறார்: இதைத் தித்தன் பார்க்க வேண்டும், சந்தோஷப்பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி. சேர்த்துக்கொள் என்று கேட்கவில்லை. பார்த்தால் போதும். தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் எவ்வளவு நாசூக்கான தூது என்று இந்தப் பாட்டை நான் பல வருஷம் ரசித்திருக்கிறேன்.

இப்போது படிக்கையில் கண் வேறொரு இடத்துக்குப் போகிறது. தோற்றவனுக்குப் பெயர் இல்லை. ஆமூர் மல்லன், அவ்வளவுதான். வலிமை உள்ளவன் என்று ஒரு அடை உண்டு, அதுவும் ஜெயித்தவனை உயர்த்துவதற்கு. ஆமூரில் அவனுக்கும் ஒரு தகப்பன் இருந்திருப்பான். அவன் காண வேண்டும் என்று யாரும் பாடவில்லை.